சின்ன சமையலறை, கையில் 25,000 ரூபாய்: எதில் போடலாம்?

சென்னையில் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஆறடிக்கு ஒன்பதடி சமையலறையை நிறையப் பார்க்கலாம். மொத்தம் 54 சதுர அடி. சாப்பிடத் தனி இடம் இருக்கும் வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது நாட்டின் கட்டட விதித் தொகுப்பான நேஷனல் பில்டிங் கோடு. அடியில் மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய அதே ஆறுக்கு ஒன்பதுதான் வரும். விதி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே கட்டியவரும் நின்றுவிட்டார். ஒரு பக்கம் கறுப்பு கிரானைட் மேடை, அதற்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், மேலே பரண், பழுப்பு டைல்ஸ், கிழக்கிலோ வடக்கிலோ ஒரு சின்ன ஜன்னல்.

இதில் தினமும் மூன்று வேளை சமைப்பவருக்கு ‘அடைசலாக இருக்கிறது’ என்ற எண்ணம் வருவது இயல்பு. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெயின்டில் போடலாம், கதவுகளில் போடலாம், விளக்கில் போடலாம், மாடுலர் கிச்சனுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கட்டலாம், சுவரையே இடித்து ஹாலோடு சேர்க்கலாம். எதைச் செய்தால் கொடுத்த காசுக்கு இடம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பார்க்கப் பெரிதாகத் தெரிவதும் புழங்கப் பெரிதாக இருப்பதும் வேறு வேறு. நம் சமையலறைகளில் இரண்டாவதை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புழங்க இடம் கிடைத்துவிட்டால் பார்வைக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் மேடையை அளந்து பாருங்கள்

ஒன்பதடி மேடை என்றால் 108 அங்குலம். சிங்க் 24 அங்குலம், மூன்று பர்னர் அடுப்பு 28, டேபிள்டாப் கிரைண்டர் 15, மிக்ஸி 10, கழுவிய பாத்திரம் கவிழ்க்கும் கூடை 18. கூட்டினால் 95. மிச்சம் 13 அங்குலம். ஒரு முழம்கூட இல்லை. அந்த 13 அங்குலத்தில்தான் காய் நறுக்க வேண்டும், சப்பாத்தி தேய்க்க வேண்டும், இறக்கிய குக்கரை வைக்க வேண்டும், பால் பாக்கெட்டையும் வைக்க வேண்டும். வாட்டர் ஃபில்டர் மேடையில் உட்கார்ந்திருந்தால் அதுவும் போச்சு. எவ்வளவு வெள்ளையடித்தாலும் இந்த மேடை பெரிதாகத் தெரியாது.

இங்கே இரண்டு பொருள்களை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பாத்திரக் கூடைக்குப் பதில் சிங்க்குக்கு நேர் மேலே சுவரில் எவர்சில்வர் ஸ்டாண்டு அடித்துவிட்டால் தண்ணீர் சிங்க்கிலேயே சொட்டும். 18 அங்குலம் திரும்பக் கிடைக்கும். கிரைண்டரைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி மேடைக்கடியில் தள்ளிவிட்டால் இன்னொரு 15. மொத்தம் 46 அங்குலம், நாலடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. ஒருவர் நறுக்க, பக்கத்தில் நின்று இன்னொருவர் தேங்காய் துருவலாம். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மாவரைக்கும் கிரைண்டர் மற்ற நாளெல்லாம் மேடையை அடைத்துக்கொண்டு நிற்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆனால் அதைத் தூக்கிப் பரணில் வைக்காதீர்கள். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை ஸ்டூலில் ஏறி இறக்கும் வேலை யாருக்கும் வேண்டாம். இரண்டே மாதத்தில் அது மறுபடி மேடைக்கே வந்துவிடும். இழுத்தால் வருகிற இடத்தில் இருக்க வேண்டும். பிளக் பாயின்ட் எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஸ்டாண்டுக்கும் சக்கர ஸ்டாண்டுக்கும் சேர்த்து நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஸ்டாண்டு வாங்கும்போது அளவைவிடக் கம்பியின் கனத்தைப் பாருங்கள். மெல்லிய கம்பியில் செய்தவை நாலு இட்லித் தட்டு, ரெண்டு கடாய் ஏறியதும் நடுவில் தொய்ந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது மாடுலர் கிச்சன். மேடைக்கடியில் கம்பிக் கூடைகள் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வருவது உண்மையிலேயே நல்ல வசதி. கடப்பா கல் தட்டு இரண்டடி ஆழம். அதன் பின்பாதியில் என்ன இருக்கிறது என்று குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். அங்கே பாதி இடம் வீணாகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்பதடிச் சமையலறைக்கு நல்ல பிளைவுட், லேமினேட், கூடைகள் என்று போனால் பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தொடாமல் முடிவதில்லை. விலையைக் குறைத்துச் சொல்கிறவர்கள் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் கை வைப்பார்கள். சிங்க்குக்கடியில் ஈரம் பட்டால் அது ஊதிப்போகும். அதே கல் தட்டுகளில் இரண்டடி நீளமான குறுகிய பிளாஸ்டிக் கூடைகளை வரிசையாக வைத்து, இழுப்பறை மாதிரி இழுத்துப் பயன்படுத்தினால் பின்பாதி இடம் சில நூறு ரூபாயில் கைக்கு வந்துவிடும். ஒரு கூடையில் பருப்பு வகை, ஒன்றில் வெங்காயம், உருளைக்கிழங்கு, ஒன்றில் எண்ணெய் பாட்டில்கள். அழகில் மாடுலருக்கு ஈடாகாது, உண்மைதான். ஆனால் கிடைக்கும் இடத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

சின்ன இடத்தைக் கணக்குப் போட்டு வெற்றி கண்டவர்களில் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி முக்கியமானவர். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம்முடையதைவிட ஒரு சுற்றுதான் பெரிது. அதைப் பெரிதாகக் காட்டுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்பதுதான் அவர் பார்த்த கணக்கு. மாவுக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், ஜன்னலோரம் உட்கார்ந்து நறுக்க ஓர் இடம், வேண்டாதபோது சுவரோடு மடங்கும் இஸ்திரிப் பலகை. இதில் எதற்கும் இன்றைக்கும் மாடுலர் கம்பெனி தேவையில்லை.

வெளிச்சம்: எல்லாவற்றிலும் மலிவு

ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் விளக்கில் போடுங்கள். நம் வீடுகளில் சமையலறை டியூப் லைட் சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கச் சுவரில் இருக்கும். வயரிங் செய்தவருக்கு அது வசதி. அதனால் நறுக்குகிற பலகையின்மேல் விழுவது வெளிச்சம் அல்ல, நம் நிழல். கறுப்பு கிரானைட் மேடை இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். மூலைகள் இருட்டாக இருக்கும்போது அறை இன்னும் சின்னதாகத் தெரியும்.

மேடைக்கு நேர் மேலே, நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும் சுவர் ஷெல்ஃபுக்கு அடியில் இரண்டடி நீள எல்.இ.டி. பட்டி விளக்கு ஒன்று, 10 வாட் போதும். பழைய டியூப் இருந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. இரண்டும் சேர்த்து விளக்குக்கு ஆயிரம் ரூபாய் ஆகாது. எலக்ட்ரீஷியன் கூலி, வயர், சுவிட்ச் எல்லாம் சேர்த்தாலும் இரண்டாயிரத்துக்குள் அடங்கும். வெளிச்சத்தின் நிறத்தில்தான் யோசிக்க வேண்டும்; அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். கடையில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அதில் சுவர் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், காயும் கீரையும் வாடியது போலத் தெரியும். 2700, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு படுக்கையறைக்குச் சரி, இங்கே பழுப்பு டைல்ஸை இன்னும் பழுப்பாக்கும். 4000 கெல்வின் என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடையில் இருக்கும்.

ஜன்னலையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துவதற்காக ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளைவுட் பலகையை வெட்டி அடித்திருப்பார்கள். நடுவில் வட்டமாக ஃபேன், சுற்றிலும் மரப்பலகை. இருக்கிற ஒரே ஜன்னலில் பாதி அங்கேயே போய்விட்டது. அந்தப் பலகைக்குப் பதில் அதே அளவில் அக்ரிலிக் ஷீட் வெட்டிப் போடலாம். கண்ணாடிக் கடையிலேயே ஓட்டை போட்டுத் தருவார்கள். கொசுவலையைக் கழற்றிச் சுடுதண்ணீரிலும் பாத்திர சோப்பிலும் ஊறவைத்துத் தேய்த்தால் தாளிப்பு எண்ணெய் படிந்து அடைத்திருந்த கண்கள் திறக்கும். காற்றும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வரும். ஜன்னல் திண்டில் அடுக்கிய பழைய ஊறுகாய் பாட்டில்கள் வேறிடம் போகட்டும். இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெயின்டா, ஸ்டிக்கரா, டைல்ஸா?

வெளிர் நிறம் அறையைப் பெரிதாகக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பெயின்ட் என்பதில்தான் பணம் வீணாகிறது. டிஸ்டெம்பர் மலிவு, ஆனால் எண்ணெய்க் கறையைத் துடைத்தால் சுவரும் சேர்ந்து துணியில் வரும். எனாமல் கழுவ வசதி. ஆனால் வெள்ளை எனாமல் நாளாக ஆக மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் குறைந்த அறையில் சீக்கிரமே ஆகும். எந்த வெளிச்சத்துக்காக அடித்தோமோ அதுவே போய்விடும். கழுவக்கூடிய, லேசான மினுமினுப்புள்ள எமல்ஷன்தான் சமையலறைக்குப் பொருத்தம். முழு மேட் வகையில் தாளிப்புத் தெறித்தால் கறை உள்ளே இறங்கிவிடும். டைல்ஸ் போக மீதிச் சுவரும் கூரையும் சேர்ந்து இந்த அளவுச் சமையலறைக்கு இரண்டு கோட்டுக்கு நாலு லிட்டர் போதும். கூலியும் சுவரைச் சமன்செய்யப் பூசும் பட்டியும் சேர்த்து ஆறாயிரம் ஒதுக்குங்கள்.

சிக்கல் டைல்ஸில். நாலடி உயரம் வரை பழுப்போ நீலமோ டைல்ஸ், அதற்கு மேல் வெள்ளைச் சுவர் என்றால் அறையைச் சுற்றி ஒரு கோடு ஓடும். கண் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுவதால் கூரை தாழ்ந்த மாதிரி இருக்கும். இதற்கு மூன்று வழி. டைல்ஸ் ஸ்டிக்கர் சில நூறு ரூபாயில் முடியும். வாடகை வீட்டுக்கு ஏற்றது, கழற்றிவிட்டுப் போகலாம். ஆனால் அடுப்புக்கு நேர் பின்னால் ஒட்டாதீர்கள். சூட்டில் ஓரம் எழும்பி, எழும்பிய இடத்தில் எண்ணெயும் கரப்பான் குஞ்சும் சேரும். டைல்ஸ் பெயின்ட் இரண்டாவது. பிசின் கலந்த எபாக்சி வகை நன்றாகவே பிடிக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் தேய்த்து, ப்ரைமர் அடித்து, காயும்வரை அந்த அறையில் சமைக்காமல் இருக்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் சில நாள் அடுப்பை அணைப்பது எளிதல்ல. ஊருக்குப் போகும் நாள்களில் செய்தால் உண்டு. மூன்றாவது, பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டுவது. உடைக்கிற தூசி இல்லை, பல வருடம் நிற்கும். ஆனால் சுவர் ஏறக்குறைய அரை அங்குலம் முன்னால் வருவதால் சுவிட்ச் பெட்டிகளையும் குழாய்களையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். 25,000-ல் இதற்கு இடமில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் சொல்வேன். டைல்ஸை அப்படியே விட்டுவிட்டு, மேல் சுவரின் நிறத்தை அதற்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பழுப்பு டைல்ஸுக்கு மேல் பளீர் வெள்ளை வேண்டாம். மோர் நிறமோ வெளிர் சந்தன நிறமோ அடித்தால் கோடு மங்கிவிடும். கூரை மட்டும் வெள்ளை. கறுத்துப்போன டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாக கிரௌட் பூசினாலே பாதிச் சுவர் புதுசாகிவிடும். சிங்க்கைச் சுற்றி எபாக்சி கிரௌட் போட்டால் எளிதில் மறுபடி கறுக்காது.

கண்ணாடி மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்ற யோசனையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. தினம் கடுகு வெடிக்கிற இடத்தில் அது தினம் துடைக்கும் வேலையாக முடியும். வேண்டாம்.

திறந்த ஷெல்ஃபா, கதவா?

கதவுகளைக் கழற்றித் திறந்த ஷெல்ஃபாக விட்டால் இடம் பெரிதாகத் தெரியும் என்று சொல்லும் படங்களில் நாலு தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு செடி இருக்கும். நம் ஷெல்ஃபில் கடலைப்பருப்பு, துவரை, உளுந்து, ரவை, சேமியா, அப்பளம், நாலு வகைப் பொடி, புளி, வற்றல் என்று சாதாரணமாகவே முப்பது நாற்பது டப்பா. ஹார்லிக்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பா என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதன்மேல் எண்ணெய்ப் படலம், அதன்மேல் தூசி. இதைத் திறந்து வைத்தால் அறை பெரிதாகாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் கதவு போடுவதும் தவறு. ஆறடி அகலத்தில் மேடை இரண்டடி, எதிர்ச்சுவரில் ஓரடி ஷெல்ஃப் இருந்தால் நிற்க மூன்றடிதான் மிச்சம். ஒன்றரை அடிக் கதவு ஒன்று திறந்து நின்றால் பாதி வழி அடைபடும். குனிந்து பருப்பு எடுக்கும்போது பின்னால் ஒருவர் கடக்க முடியாது. மேடைக்கடியில் கதவு போடுவதென்றால் முக்கால் அடி அகலத்தில் இரட்டைக் கதவாகப் போடச் சொல்லுங்கள், அல்லது தள்ளும் கதவாக. சிலிண்டர் இருக்கும் பகுதியை மூடவே வேண்டாம் என்பேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு தேங்கும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால் கதவின் அடிப்பகுதியில் தாராளமாகக் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும்.

கதவுக்கு அவசியமான இடம் பரண். சமையலறை வாசலில் நின்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான்: மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பித்தளைப் பானை, கொலுப் பெட்டி, பழைய குக்கர். ஒன்பதடி நீளத்துக்குச் சுவர் நிறத்திலேயே தள்ளும் கதவு போட்டால் அது சுவரோடு சேர்ந்துவிடும். கொடுக்கும் காசுக்குப் பார்வையில் இவ்வளவு மாற்றம் தருவது விளக்குக்கு அடுத்து இதுதான்.

எந்தப் பொருளில் செய்வது? பிளைவுட்டும் லேமினேட்டும் உறுதி, விலை அதிகம். ஈரமிருக்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பலகையாக இருந்தால்தான் நிற்கும். பி.வி.சி. கதவு கரையானுக்கும் தண்ணீருக்கும் பயப்படாது. ஆனால் சூடு தாங்காது, அழுத்திச் சாய்ந்தால் வளையும். சதுர அடிக்கு 250 முதல் 400 ரூபாய் வரை கேட்கிறார்கள். அலுமினிய ஃபிரேமில் செய்தது இரண்டுக்கும் நடுவில், நீண்ட நாள் வரும். இந்த பட்ஜெட்டில் பி.வி.சி.யை எடுப்பேன், அடுப்புக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். துணித் திரை மலிவுதான். பரணுக்குச் சரி, மேடைக்கடியில் மாதம் ஒருமுறை துவைக்க மனமிருந்தால் மட்டும்.

கண் மட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு ஷெல்ஃபைத் திறந்தே விடுங்கள். அதில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள் ஒரு வரிசையும் அஞ்சறைப்பெட்டியும் மட்டும். பாட்டி காலத்து எவர்சில்வர் தூக்குகளும் சம்படங்களும் பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன; புதிய கண்ணாடி ஜாடி வாங்குவதற்கு முன் அவற்றை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெளிச்சத்தையும் அவை திருப்பித் தரும்.

சுவரை இடிப்பதும் கதவைக் கழற்றுவதும்

ஓப்பன் கிச்சன் ஆசை நியாயமானது. ஹாலும் சமையலறையும் சேர்ந்தால் இடம் பெருகும், சமைப்பவர் தனியாக அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பது அங்குலச் சுவர் பாரம் தாங்குவதாக இருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல், அசோசியேஷனுக்குச் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தாலும் இடித்தபின் தரை, மின்சாரம், பூச்சு என்று செலவு நீளும். மீன் வறுக்கும் வீட்டில் சோபா உறை வரை வாசனை ஏறும். மேடை உயரத்துக்கு மேல் மூன்றடி அகலத்தில் ஒரு திறப்பு மட்டும் வைத்தால் பேச்சும் வெளிச்சமும் இரண்டு பக்கமும் போகும், தோசையும் சுடச்சுடப் போகும். அதற்கும் திறப்பின் மேல் பாரம் தாங்கும் லின்டல் வைத்துத்தான் செய்ய வேண்டும். அடுத்த வருடப் பணத்தில் யோசிக்கலாம்.

செலவே இல்லாதது சமையலறைக் கதவைக் கழற்றுவது. உள்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவு பகலெல்லாம் ஒரு சுவரை மறைத்தபடியே நிற்கிறது. அதைக் கீலிலிருந்து எடுத்துவிட்டால் அந்தச் சுவரில் ஒரு குறுகிய ஷெல்ஃப் அடிக்கலாம், அல்லது ஃபிரிட்ஜ் அங்கே போகலாம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, கதவை கட்டிலுக்குப் பின்னால் பத்திரமாக வையுங்கள். கீலையும் திருகையும் ஒரு கவரில் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள்.

சொந்த வீட்டில் பணத்தைப் பிரித்தால் எனக்கு இப்படி வருகிறது: விளக்குக்கு 2,000, ஸ்டாண்டுகளுக்கு 4,500, பெயின்டுக்கு 6,000. பரண் 18 சதுர அடி, மேடைக்கடி 22 சதுர அடி, ஆக 40 சதுர அடி பி.வி.சி. கதவு 300 ரூபாய் வீதம் 12,000. மொத்தம் 24,500. மிச்சம் 500 ரூபாய் பிளாஸ்டிக் கூடைகளுக்கு. கதவை முதலில் போட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்காதீர்கள். விளக்கு வயரிங், பிறகு பெயின்ட், கடைசியில் கதவு. வாடகை வீடென்றால் விளக்கும் ஸ்டாண்டும் பரணுக்குத் திரையும் போதும், ஏழாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே ஸ்டாண்டுக்குச் சுவரில் துளை போட உரிமையாளர் ஒப்பவில்லையென்றால், சிங்க்குக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி மேடை மேலேயே நிற்கும் ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன. சிங்க்கின் அகலத்தையும் குழாயின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.